தெற்குக் காற்று வீசும்போது

பொதுக்காலம் 29-ஆம் வாரம், வெள்ளிக்கிழமை
நற்செய்தி வாசகம்: லூக்கா 12:54-59
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்துவிட்டது. எங்கள் சிங்கம்புணரிப் பக்கத்தில் இந்த நாள்களில் காலையில் எழுந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். களத்தில் தென்னை நாரை உலர்த்தியிருப்பவர்கள் கிழக்கே பார்க்கிறார்கள். கயிறு திரித்து வெயிலில் போட்டிருப்பவர்களும் கிழக்கே பார்க்கிறார்கள். மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதே நேரத்தில் வயல்காரர் அந்த மேகத்தைப் பார்த்து, "இன்றைக்காவது கொட்டாதா" என்று ஏங்குகிறார். கண்மாயில் தண்ணீர் வந்தால்தான் நாற்றுக்கு உயிர். ஒரே மேகம்தான். ஒருவருக்கு அது வேலைக்கு இடைஞ்சல், இன்னொருவருக்கு அது பிழைப்பு.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இப்படி வானத்தைப் பார்க்கிற மக்களிடம்தான் பேசுகிறார். மேற்கே மேகம் எழும்பினால் மழை வரும் என்கிறீர்கள், அப்படியே நடக்கிறது. தெற்கிலிருந்து காற்று வீசினால் வெயில் கொளுத்தும் என்கிறீர்கள், அதுவும் நடக்கிறது. நிலத்தின் தோற்றத்தையும் வானத்தின் தோற்றத்தையும் கணிக்கத் தெரிந்த நீங்கள் இந்தக் காலத்தைக் கணிக்க மறுப்பது ஏன் என்று கேட்கிறார். கோபத்தோடுதான் கேட்கிறார். அறியாதவர்களிடம் ஆண்டவர் கோபப்படுவதில்லை. அறிந்திருந்தும் அறியாதவர்போல் இருப்பவர்களிடம்தான் கோபப்படுகிறார்.

அன்புக்குரியவர்களே, இந்தத் தெற்குக் காற்றைப் பற்றி எழுதியவர் புனித லூக்கா. அவர் எழுதிய இன்னொரு நூல் திருத்தூதர் பணிகள். அந்த நூலின் கடைசி இரண்டு அதிகாரங்களில் மேலும் இரண்டு முறை தெற்குக் காற்று வீசுகிறது. அந்த இரண்டையும் இன்றைய நற்செய்தியோடு சேர்த்துப் பார்ப்போம்.

புனித பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். கப்பல் கிரேத்துத் தீவின் ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. நோன்பு நாள் கடந்துவிட்டது என்று லூக்கா குறிப்பிடுகிறார். யூதர்களின் பாவக் கழுவாய் நாளைத்தான் அப்படிச் சொல்கிறார். அது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். மத்தியதரைக் கடலில் அதற்குப் பிறகு மழையும் புயலும் தொடங்கிவிடும். பழங்காலத்தில் குளிர்காலம் முழுவதும் அந்தக் கடலில் பெரும்பாலும் கப்பல் ஓட்ட மாட்டார்கள். பவுல் எச்சரிக்கிறார். இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து என்கிறார். ஆனால் நூற்றுவர் தலைவர் கைதியின் பேச்சைவிடக் கப்பல் தலைவரின் பேச்சையும் கப்பல் உரிமையாளரின் பேச்சையும்தான் நம்பினார். குளிர்காலம் தங்குவதற்கு அந்தத் துறைமுகம் வசதியாக இல்லை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அப்போது தெற்குக் காற்று மெல்ல வீசியது. நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். சற்று நேரத்தில் வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று வந்து கப்பலை அள்ளிக்கொண்டு போயிற்று. பதினான்கு இரவுகள் அலைந்த பிறகு மால்தா தீவில் கப்பல் உடைந்தது. அதில் இருந்தவர்கள் 276 பேர். கடவுளின் அருளால் எல்லாரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

மூன்று மாதம் தீவிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். பின்பு வேறொரு கப்பலில் ஏறி, சிராக்கூசு, இரேகியு வழியாகப் போகும்போது மீண்டும் தெற்குக் காற்று வீசியது. இந்த முறை அது ஏமாற்றவில்லை. இரண்டாம் நாளில் அவர்களைப் புத்தெயோலி என்னும் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தது. அங்கே பவுல் கிறிஸ்தவச் சகோதரர்களைக் கண்டார். அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஏழு நாள் அவர்களோடு தங்கினார்.

பாருங்கள், காற்று அதே தெற்குக் காற்றுதான். ஒரு முறை அது அழிவுக்கு இழுத்துச் சென்றது, மறு முறை சகோதரர்களிடம் சேர்த்தது. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காற்று உதவியது. தெரிந்துகொள்ள மறுத்தவர்களை அது ஏமாற்றியது.

அந்தப் புத்தெயோலி இன்றும் இருக்கிறது. தென் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பொத்ஸ்வோலிதான் அது. கோடையில் வறண்டு, குளிர்காலத்தில் மழை பெறும் ஊர். எகிப்திலிருந்து உரோமைக்கு வந்த கோதுமைக் கப்பல்கள் ஒரு காலத்தில் அங்கேதான் இறக்கின. அந்த ஊரின் பழைய உரோமைச் சந்தையில் உயரமான மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தத் தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலே கடல் சிப்பி இனங்கள் துளைத்த துளைகள் இருக்கின்றன. காரணம், அந்த ஊர் ஓர் எரிமலைப் பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிலம் மெல்லத் தாழ்கிறது, மெல்ல உயர்கிறது. தாழ்ந்தபோது தூண்கள் கடலுக்குள் போயின, உயர்ந்தபோது வெளியே வந்தன. 1982 முதல் 1984 வரை மட்டும் நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. அப்போது சுமார் 40,000 மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி வேறு இடங்களில் குடியமர்த்தினார்கள். நிலத்தின் தோற்றத்தைக் கணிப்பது என்று ஆண்டவர் சொன்னாரே, அந்த ஊர் மக்கள் அதைத் தூணில் பார்த்துப் படிக்கிறார்கள். அங்கே 1964-ஆம் ஆண்டு மே மாதம் மறைமாவட்டப் பேராலயம் தீப்பிடித்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2014-இல்தான் அதைச் சீர்செய்து மீண்டும் திறந்தார்கள்.

அதே 1964-ஆம் ஆண்டு. அதே ஆண்டின் டிசம்பர் மாதத்தில் நம் வீட்டு வாசலிலேயே ஒரு கடற்கரை ஊர் இல்லாமல் போயிற்று. அது தனுஷ்கோடி.

நம் வீட்டு வாசல் என்று சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல. அன்று சிவகங்கை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. சிங்கம்புணரியும் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். இன்று அரசுக் கணக்கில் வேறு வேறு மாவட்டங்கள் ஆகிவிட்டோம். ஆனால் திரு அவையில் இன்னும் ஒரே குடும்பம்தான். 1987-இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நம் சிவகங்கை மறைமாவட்டத்தில் இந்தக் கண்மாய்க் கரையும் இருக்கிறது, அந்தக் கடற்கரையும் இருக்கிறது.

எங்கள் பங்கிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து தனுஷ்கோடிக்குப் போய் வந்தோம். முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு பேருந்தே போகிறது. சாலையின் இரண்டு பக்கமும் கடல். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்கிறார்கள். அது பாக் நீரிணைப் பக்கம், பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தெற்கே இருப்பது ஆண்கடல். அது மன்னார் வளைகுடா, அலை ஓங்கி அடிக்கும். நடுவே ஒரு நாடா அளவு மணல்.

அந்த மணலில் ஒரு தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. கூரை இல்லை. பலிபீடம் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. எங்களோடு வந்த குழந்தைகள் முதலில் ஓடி விளையாடினார்கள். பிறகு ஒருவர் "இது கோவில்" என்று சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நின்றார்கள். நாங்களும் நின்றோம். ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். காற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் குரல்கூடக் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் அது பரபரப்பான ஊர். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து இரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு போகலாம். போட் மெயில் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். நம் மாவட்டத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களும், வணிகத்துக்குப் போன செட்டிநாட்டு மக்களும் அந்த வழியாகப் போனார்கள். இரயில் நிலையம், அஞ்சல் நிலையம், பள்ளிக்கூடம், கோவில், தேவாலயம் எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. புயலாக வலுத்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. தேவாலயத்தில் குடில் வேலை நடந்துகொண்டிருந்திருக்கும். நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடல் அலை மூடியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் எவரும் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி கடலோடு போயிற்று. பாலத்தை 46 நாளில் சீர்செய்துவிட்டார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு இரயில் பாதை திரும்ப வரவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அந்த ஊரை அறிவித்தது.

அன்புக்குரியவர்களே, இப்படி ஒன்று நடந்தால் நம்மில் சிலர் உடனே ஒரு கேள்வி கேட்போம். அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ? நாளைய நற்செய்தியை இன்றே ஒரு முறை திறந்து பாருங்கள். லூக்கா 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். ஆகவே தனுஷ்கோடியில் இறந்தவர்களைப் பற்றி யாராவது அது தண்டனை என்று சொன்னால், அது நம் ஆண்டவரின் பேச்சு அல்ல.

ஆனால் ஆண்டவர் அதோடு நிறுத்தவில்லை. நீங்கள் மனம் மாறாவிட்டால் உங்களுக்கும் அழிவு உண்டு என்கிறார். இறந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதே, உயிரோடு இருக்கும் நீ உன் காலத்தைப் பார் என்பதுதான் அவர் சொல்வது. தனுஷ்கோடி மக்களுக்கு அன்று எச்சரிக்கை போதிய அளவு கிடைக்கவில்லை. இன்றுபோல் செயற்கைக்கோள் படம் வீட்டுக்கு வீடு வந்து சேரும் காலம் அல்ல அது. நமக்கோ எச்சரிக்கைக்குக் குறைவே இல்லை. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால், ஐந்து நிமிடத்தில் நம் கைபேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு நாம் என்ன செய்கிறோம்?

இங்கே எங்களைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடலில் புயல் சின்னம் உருவாகிறது என்று வானொலியில் கேட்டால் எங்கள் ஊரில் முகம் மலர்கிறது. "சின்னம் வந்தால்தான் கண்மாய் நிறையும்" என்கிறோம். அது பொய்யும் இல்லை. நம் பகுதிக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழைதான். அந்த மழையின் பெரும்பங்கை வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுகள்தான் கொண்டு வருகின்றன. மழைக்காகக் கோவிலில் விண்ணப்பம் செய்கிறோம். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே மறைமாவட்டத்தில், கடற்கரைப் பங்கில் ஒரு தாய், கடலுக்குப் போன மகன் திரும்ப வேண்டுமே, இந்தச் சின்னம் விலகிப் போக வேண்டுமே என்று முழந்தாளில் நிற்கிறார். நமக்கு மழையாக வருவது அவருக்கு அச்சமாக வருகிறது. இரண்டு வேண்டுதலையும் கேட்பவர் ஒரே தந்தை. அந்தத் தந்தைக்கு முன்னால் நாம் எப்போதாவது அந்தத் தாயையும் சேர்த்து நினைத்தோமா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நம் கத்தோலிக்கச் சகோதரர்கள். அப்போது நாம் ஒரு நாள் இரங்கல் திருப்பலி வைத்தோம். உண்மையாகவே வருந்தினோம். ஆனாலும் மனத்துக்குள், அது கடற்கரைக்காரர்களின் துன்பம் என்ற எண்ணம் இருந்தது.

அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அது கரையிலேயே ஓய்ந்துவிடவில்லை. தஞ்சை, புதுக்கோட்டை வழியாகத் திண்டுக்கல் பக்கம் வரைக்கும் உள்ளே வந்தது. புயல் கடலுக்குத்தான், நமக்கு மழை மட்டும்தான் என்று நாங்கள் நிம்மதியாகப் படுத்திருந்தோம். பல தலைமுறை பார்த்த தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஏற்பட்ட இழப்போடு ஒப்பிட்டால் நம் பக்கத்து இழப்பு சிறிது. ஆனால் ஒரு தென்னை மீண்டும் காய்ப்பதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பது கயிற்றுத் தொழிலை நம்பி வாழும் எங்கள் ஊருக்குத் தெரியும். அன்றைக்குத்தான் கடல் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

இந்தச் செட்டிநாட்டு மண்ணுக்குக் கடலின் நினைவு புதிதும் அல்ல. நகரத்தார் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து இந்த வறண்ட பூமிக்கு வந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கடலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் அவர்கள் வீட்டைத் தரையோடு கட்டவில்லை, உயரமான மேடை போட்டுக் கட்டினார்கள். கடல் வெள்ளம் பார்த்த பயம்தான் அதற்குக் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூரையில் விழும் மழைநீரை முற்றத்தில் பிடித்தார்கள். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வரத்துக்கால் அமைத்தார்கள். கடலையும் மறக்கவில்லை, வறட்சியையும் மறக்கவில்லை. காலத்தைக் கணித்து வாழ்வது என்றால் அதுதான்.

இன்று நம் காலத்தின் அடையாளங்கள் என்ன? பூமி சூடாகிக்கொண்டே வருகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் வெளிவிடும் புகைதான் முக்கியக் காரணம் என்று அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. கடலும் சூடாகிறது. கடலின் சூடுதான் புயலுக்குத் தீனி. கடல்மட்டமும் உயர்கிறது. மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. கடல்மட்டம் உயர்வது மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளைப் பல ஆண்டுகளாக நாமே வெட்டி எடுத்தோம். சுண்ணாம்புக்காக வெட்டினோம், கட்டடத்துக்காக வெட்டினோம். கடவுள் கட்டி வைத்த சுவரை இடித்து நம் சுவரைக் கட்டினோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும், 2023-இல் அதன் தொடர்ச்சியாக வெளியிட்ட 'லவுதாத்தே தேயும்' என்ற ஊக்கவுரையும் இதைத்தான் நமக்கு எடுத்துச் சொல்கின்றன. பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் தனித்தனி அல்ல. பூமியைக் குறைவாகக் கெடுத்தவர்களே அதனால் முதலில் அடிபடுகிறார்கள். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர் எத்தனை புகையை வெளிவிட்டிருப்பார்?

தனுஷ்கோடியில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கிறார்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல். ஆனால் நடுவே மணலில் ஆழம் இல்லாத ஒரு குழி, அதில் ஓர் அம்மா சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் குடிக்கக் கொடுத்தார். நல்ல தண்ணீர். "இது எப்படி அம்மா?" என்று கேட்டோம். "மழத் தண்ணிதான் சாமி. மணலு பிடிச்சு வெச்சிருக்கு. மழ பேஞ்சா இருக்கும். ரொம்பத் தோண்டுனா உப்பு ஏறிடும்" என்றார். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் மணலுக்குள் உப்புநீருக்கு மேலே ஓர் அடுக்காகத் தங்கியிருக்கிறது. தேவைக்கு மொண்டால் இனிக்கும். பேராசையோடு ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும். படிப்பு வாசனை அதிகம் இல்லாத அந்த அம்மாவுக்கு நிலத்தின் தோற்றமும் வானத்தின் தோற்றமும் தெரிந்திருக்கிறது. அந்த அளவோடுதான் அவர் வாழ்கிறார். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறு அடி, இன்னும் நூறு அடி என்று இறக்கிக்கொண்டே போகும் நாங்கள் வெட்கத்தோடுதான் அந்தத் தண்ணீரைக் குடித்தோம்.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? இன்றைய நற்செய்தியின் கடைசிப் பகுதி அதற்குப் பதில் சொல்கிறது. உன் எதிரியோடு நடுவரிடம் போகும்போது, வழியிலேயே அவரோடு உள்ள வழக்கைத் தீர்த்துக்கொள்ள முயற்சி செய் என்கிறார் ஆண்டவர். நடுவர் முன் போய்விட்டால் காலம் கடந்துவிடும். வழியில் இருக்கும்போதுதான் வாய்ப்பு. அன்புக்குரியவர்களே, நாம் இன்னும் வழியில்தான் இருக்கிறோம். படைப்போடு நமக்கு உள்ள வழக்கையும், கடற்கரைச் சகோதரரோடு நமக்கு உள்ள கடனையும் இப்போதே தீர்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, கண்மாய் வரத்துக்காலில் குப்பை கொட்டுவதையும், அதை ஆக்கிரமிப்பதையும் நிறுத்துவோம். பெய்கிற மழையைப் பிடித்து வைக்காமல், மழை தா ஆண்டவரே என்று கேட்பது அழகல்ல. வீட்டுக் கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடுவோம். தேங்காய் மட்டையையும் நார்க் கழிவையும் தெருவோரம் போட்டு எரிக்காமல் உரமாக்குவோம்.

இரண்டாவது, எச்சரிக்கையைக் கேட்போம். புயல் அறிவிப்பு வந்தால், நமக்கு இல்லை என்று ஒதுக்காமல், ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இருக்கும் வயதானவர்களை முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கோ கோவில் மண்டபத்துக்கோ அழைத்து வருவோம். ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் அப்படித் தேவைப்படுவோர் யார் என்று இந்த வாரமே பட்டியல் எடுக்கலாம். கப்பல் உரிமையாளரின் பேச்சுக்கு இருந்த மதிப்பு கைதி பவுலின் பேச்சுக்கு இல்லாமல் போனதே, அந்தத் தவறு நம்மிடம் நடக்க வேண்டாம். எச்சரிக்கிறவர் ஏழை மீனவராக இருக்கலாம், பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். காது கொடுப்போம்.

மூன்றாவது, மழைக்காக மன்றாடும் ஒவ்வொரு முறையும், கடலில் இருப்பவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் வருமானம் இருக்காது. நம் பங்கின் தவக்காலச் சேமிப்பில் ஒரு பகுதி ஒரு கடற்கரைப் பங்குக்குப் போகட்டும்.

பவுலின் கப்பல் புயலில் சிக்கியபோது மாலுமிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கப்பல் பிளந்துவிடாதபடி அதைச் சுற்றிக் கயிறுகளால் கட்டினார்கள். சிங்கம்புணரியில் இருக்கும் நமக்குக் கயிறு என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாரைக் குழந்தைகூட அறுத்துவிடும். பல நார் சேர்ந்து புரியாகி, புரிகள் சேர்ந்து கயிறானால், அது படகையே இழுத்து நிறுத்தும். கண்மாய்க் கரையும் கடற்கரையும் தனித்தனி நாராக இருந்தால் அடுத்த காற்றில் இரண்டும் அறுந்துபோகும். சேர்ந்து முறுக்கிக்கொண்டால் இந்த மறைமாவட்டம் தாங்கும், இந்த ஊர் தாங்கும்.

புத்தெயோலியில் பவுலை ஒரு சங்கிலியோடுதான் இறக்கினார்கள். ஆனால் கரையில் சகோதரர்கள் நின்றார்கள். ஏழு நாள் எங்களோடு தங்குங்கள் என்றார்கள். புயல் கடந்து வருகிற எந்த மனிதருக்கும் கரையில் வேண்டியது அதுதான். நாம் அந்தச் சகோதரர்களாக நிற்போம்.

செபிப்போம்.

காற்றையும் கடலையும் அதட்டி அமைதிப்படுத்திய ஆண்டவரே, தனுஷ்கோடியிலும், நம் கடற்கரைகளிலும் அலையில் மாண்ட அனைவருக்கும் நிலையான இளைப்பாற்றியை அளித்தருளும். எங்கள் கண்மாய்களுக்கு மழையைத் தாரும். அந்த மழை வரும் வழியில் இருக்கிற எங்கள் சகோதரர்களைக் காத்தருளும். நிலத்தையும் வானத்தையும் கணிக்கத் தெரிந்த எங்களுக்கு, நீர் தந்திருக்கும் இந்தக் காலத்தையும் கணித்து, வழியில் இருக்கும்போதே மனம் மாறும் அருளைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.